பதினாலாவது டெமோ

கமுதி
12 ஜனவரி 2025, ஞாயிறு, காலை 11.20

தங்கச்சி யும்னாவுக்கு,

மொத்தம் பதினாலு. இந்தக் கவரில் இருக்கிற பென்டிரைவில் சஃபீர் பாடின பதினாலு டெமோவும் இருக்கு. கூடவே ஒரு தாள் வச்சிருக்கேன். பாட்டுப் பேர், பதிவு பண்ணின தேதி, எத்தனை நிமிஷம், எல்லாம் அதில் பார்த்துக்க.

எனக்குக் கடிதம் எழுத வராது. போனில் ரெண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை இது. ஆனா புருஷன் போனதுக்கு நீ இத்தா இருக்க, வெளி ஆம்பளைகளோட பேசுறதில்லைன்னு உங்க அண்ணன் காஜா நவாஸ் சொன்னார். "எழுதி அனுப்புங்க தம்பி, படிச்சுக்கிருவா" என்றார். சரி, எழுதுறேன். சஃபீர் திருப்பாலைக்குடி ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. நேரா விஷயத்துக்கு வாரேன்.

சென்னையில் ஒரு இசைக் கம்பெனி நம்ம 'கச்சான்' பேண்டோட டெமோக்களை வெளியிடணும்னு கேக்குது. நாங்க போட்டதே ஒரே ஆல்பம், ஆறு பாட்டு. அதில் என் டிரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார் எல்லாம் இருக்கும். இவங்க கேக்குறது அது இல்லை. ஆல்பத்துக்கு முன்னாடி நான் பதிவு பண்ணி வச்சது. அவன் குரலும் ஒரே ஒரு கிட்டாரும் மட்டும். பாதி வெந்த சோறு மாதிரி இருக்கும். அவன் போன பிறகு அதில் முப்பது விநாடி எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். ஆல்பத்தைச் சீண்டாதவன் எல்லாம் "முழுசும் வேணும்"னு மெசேஜ் பண்ணுறான். ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு எனக்குப் புரியலை.

பதினாலும் எங்க அய்யாவோட வத்தல் கிட்டங்கியில், அதான் குடோனில், எடுத்தது. சுத்தி மிளகாய் வத்தல் மூட்டையை அடுக்கிட்டா எதிரொலியே வராது. ஸ்டுடியோ சுவரில் ஒட்டுற பஞ்சை விட எங்க சாக்கு மேல். ஒரே தொல்லை தும்மல். அதையெல்லாம் வெட்டிட்டேன். அய்யா வாசலில் நின்னு கத்துவார், "ஏலே, வத்தல் விக்கிற எடத்துல என்னடா ஒப்பாரி? யாவாரி பயந்து ஓடுறான்." அதையும் வெட்டிட்டேன். எல்லாத்துக்கும் ஒரே மைக், ஒரே ரெக்கார்டர்.

அவன் வாரிசா உன் கையெழுத்து வேணும். படிவம் உள்ளே இருக்கு. ஜனவரி 31-க்குள் அனுப்பினா நல்லது. பதினாலாவது உனக்குத் தெரிஞ்ச பாட்டுதான், 'கடைசி பஸ்'. இருக்கிறதிலேயே அதுதான் நல்ல பதிவு. கம்பெனிக்காரங்க நேர்ல வந்து அதைக் கேட்டுத்தான் ஒத்துக்கிட்டாங்க.

காளிதாஸ்


கீழக்கரை
19 ஜனவரி 2025

காளி அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது என்னடி, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸா?" என்று கேட்கிறார்கள். பல நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி.

பென்டிரைவை இன்னும் போட்டுக் கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அவர்கள் இங்கே எங்கள் வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. சட்டை எல்லாம் அதே கொக்கியில்தான் தொங்குகிறது. குரலும் வந்துவிட்டால் என்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை.

தாளை மட்டும் படித்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. 'கடைசி பஸ்' பாட்டுக்கு 7 ஏப்ரல் 2019 என்று போட்டிருக்கிறீர்கள். 2022 என்று இருக்க வேண்டும். அந்த வருஷம் ஜூன் மாதம் அவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் உம்மா பேசிக்கொண்டே இருந்ததில் நேரமாகி, கீழக்கரையிலிருந்து கடைசி பஸ்ஸில்தான் திரும்பினார்கள். அந்தப் பஸ்ஸிலேயே, கடைசி சீட்டில் உட்கார்ந்து எழுதிய பாட்டு அது. கல்யாணமான மறுநாளே எனக்குச் சொன்னார்கள். ஆல்பம் வெளியிட்ட அன்று ராமநாதபுரம் மேடையில், உங்களுக்கு முன்னால்தான், மைக்கில் சொன்னார்கள், "இது எங்க வீட்ல உள்ளவுகளுக்கு எழுதினது" என்று. நீங்கள் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டு ஏதோ திருகிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது துக்கம் கேட்க வருகிற பெண்கள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். "ஒம் பேருக்கு ஒரு பாட்டையே விட்டுட்டுப் போயிருக்காரே புள்ள, யாருக்கு இந்தக் குடுப்பினை கெடைக்கும்" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். உண்மையில் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தேதியைத் திருத்தி வேறு தாள் அனுப்புங்கள். உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

யும்னா


கமுதி
23 ஜனவரி 2025

தங்கச்சிக்கு,

தாளில் பிழை இல்லை. தேதி சரிதான்.

காரணம் ஒண்ணு: ரெக்கார்டரில் கடிகாரம் உண்டு, அதை வச்சவன் நான். மத்த பதிமூணு தேதியும் சரியா இருக்கும்போது ஒண்ணு மட்டும் எப்படி மாறும்? காரணம் ரெண்டு: அந்தப் பதிவில் ஒன்றரை நிமிஷம் தாண்டினதும் பின்னாடி ஒரு பிரச்சார ஆட்டோ போகுது. பாராளுமன்றத் தேர்தல். அந்த ஏப்ரலில்தான் ஓட்டுப் போட்டோம். 2022 ஜூனில் எந்தத் தேர்தலும் இல்லை. காரணம் மூணு: அந்தப் பதிவில் வாசிக்கிற கிட்டாரை 2020-லேயே அவன் வித்துட்டான்.

அவன் உன்கிட்ட என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தா நீயே கேட்டுப் பாரு. ஆட்டோ சத்தம் தெளிவா கேக்கும்.

கம்பெனிக்காரன் தினம் போன் பண்ணுறான். படிவத்தைச் சீக்கிரம் அனுப்பு.

காளிதாஸ்


கீழக்கரை
2 பிப்ரவரி 2025

காளி அண்ணனுக்கு,

கேட்டேன். ஆட்டோ போகிறது.

ஆட்டோவுக்கு முன்னாலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முதல் வரி. ஆல்பத்தில் "கீழக்கரை பஸ்ஸுல கடைசி சீட்டு" என்று பாடுவார்கள். இதில் "நயினார்கோவில் பஸ்ஸுல கடைசி சீட்டு" என்று இருக்கிறது. நான் நயினார்கோவிலுக்கு ஒருநாளும் போனதில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவரும் அங்கே இல்லை.

இன்னொன்றும் புரிந்தது. ஆல்பத்தில் "கீழக்கரை" முடிந்ததும் நீங்கள் டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டுவீர்கள். மேடையில் அந்த இடத்தில்தான் எல்லோரும் விசிலடித்தார்கள். எனக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். என் ஊர்ப் பேரைச் சொன்னதும் கொட்டு முழங்குகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். டிரம்ஸ் இல்லாமல் கேட்கும்போதுதான் தெரிகிறது. நயினார்கோவில் பெரிய பேர், கீழக்கரை சின்னப் பேர். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டதில் கொஞ்சம் இடம் காலியாகிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நீங்கள் கொட்டியிருக்கிறீர்கள். சரிதானே?

பேருக்குப் பேர் மாற்றியதைக்கூட விட்டுவிடுவேன். அந்தக் குரலைத்தான், அண்ணன், என்னால் தாங்க முடியவில்லை. ஆல்பத்தில் ஊருக்கே பாடுகிறார்கள். இதில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற ஒரே ஒரு ஆளுக்குப் பாடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். இந்தக் குரலில் அவர்கள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

யார் அது?

யும்னா


கமுதி
8 பிப்ரவரி 2025

தங்கச்சி,

போன கடிதத்தில் நான் காரணம் ஒண்ணு, ரெண்டுன்னு எழுதினதை நினைச்சா என்னையே அறையணும் போல இருக்கு. நீ அதை எதுக்குக் கேட்டன்னு ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கலை. உன் கடிதத்தை அம்மாகிட்ட காட்டினேன். அவங்க சொன்னது: "மீட்டரு பாத்தே பொழைக்கிறவன், மனுசி மொகத்த எங்க பாக்கப் போற." சோலார் பிளான்ட்டில் நாள் பூரா மீட்டர்தான் பார்க்கிறேன்.

டிரம்ஸ் பத்தி நீ எழுதினது சரி. வரி குட்டையா இருக்குன்னு சொன்னேன். "நீ எதையாச்சும் போட்டு அடைடா மாப்ள"ன்னான். அடைச்சேன். ஏன் மாத்துறான்னு எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கலை.

யாருன்னு கேட்டிருக்க. மறைச்சா நீ இன்னும் பெருசா நினைப்ப. பானுப்பிரியா. காலேஜில் எங்க வகுப்பு. ஊர் நயினார்கோவில். ரெண்டு வீட்டிலும் நடக்காதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். 2020-இல் முடிஞ்சு போச்சு. இப்ப கோயம்புத்தூரில் இருக்கா, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவன் அவளைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. இது சத்தியம்.

குரல் விஷயம் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அது மைக்கோட வேலை. வாய்க்கு ரெண்டு அங்குலத்தில் மைக்கை வச்சா அடிக்குரல் கூடி, காதுக்குள்ள பேசுற மாதிரி கேக்கும். எவன் பாடினாலும் அப்படித்தான் கேக்கும். அதில் மனசு கினசு ஒண்ணும் இல்லை.

இப்ப ஒரு வழி சொல்றேன். பதினாலாவதை விட்டுட்டு பதிமூணை மட்டும் வெளியிடுவோம். யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்லை.

அப்படிச் சொல்லிட்டாலும் அந்தப் பதினாலாவதை விட என்னால முடியலை. உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது? ஜனங்க டெமோவை ஏன் கேக்குறாங்கன்னு புரியலைன்னு எழுதியிருந்தேன். இப்ப புரியுது. ஆல்பத்தில் அவன் பாடுறது முடிஞ்சுபோன பாட்டு. எங்க ஏறணும், எங்க இறங்கணும்னு அவனுக்கு மனப்பாடம். டெமோவில் மூணாவது வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பான். அடுத்த வரி வருமா வராதான்னு அவனுக்கே தெரியாது. தினம் கேக்குறேன், தினமும் அந்த இடத்தில் எனக்கும் தெரிய மாட்டேங்குது. அவன் இன்னும் யோசிச்சிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. மத்த பதிமூணில் அது இல்லை. அவனை மறுபடி பார்க்க எனக்கு இருக்கிறது அந்த ஒரு மூச்சுதான்.

நீ என்ன சொன்னாலும் சரி.

காளி


கீழக்கரை
17 பிப்ரவரி 2025

காளி அண்ணன்,

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பதினாலுக்கும் ஒரே மைக், ஒரே கிட்டங்கி என்று முதல் கடிதத்தில் எழுதியவர் நீங்கள்தான். மற்ற பதிமூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டேன். பதிமூன்றில் இல்லாத நெருக்கத்தை அந்த மைக் பதினாலாவதில் மட்டும் எங்கிருந்து கொண்டுவந்தது? ஆனாலும் எனக்காக ஒரு பொய் சொல்லிப் பார்த்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இரண்டு நாள் சோறு போட்டிருக்க மாட்டேன். அவர்களும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள், நானும் மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்திருப்பேன். மய்யித்தோடு யார் சண்டை போடுவது? நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று அவர்களுக்காக ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். தொழுது முடித்து துஆவுக்குக் கையேந்தினால் அவர்களுக்காகத்தான் கேட்கிறேன். கேட்டு முடித்ததும் அந்த பஸ் வந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு சூஃபியா மாமி நேற்று வந்து மறுபடியும், "ஒனக்குன்னே எழுதினாரே அந்தப் பாட்ட" என்றார்கள். "ஆமா மாமி" என்றேன். இனி ஆயுசுக்கும் ஆமா சொல்ல வேண்டும்.

பாட்டு நன்றாக இருக்கிறது, அண்ணன். அதுதான் கொடுமை. கெட்ட பாட்டாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். நீங்கள் சொன்ன அந்த மூச்சு எனக்கும் கேட்டது. நானும் திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கிறேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். பதிமூன்றுக்கு மட்டும். பதினாலாவது என் பாட்டு இல்லை. போடு என்றோ போடாதே என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதைச் செய்யுங்கள். அவளிடம் என் பேரை எடுக்க வேண்டாம்.

எனக்கு ஒரே ஒரு உதவி. என் போனில் அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பால் வாங்கணுமா, சிலிண்டர் வந்துருச்சா என்பதுதான். உங்களிடம் எத்தனையோ மணி நேரப் பதிவு இருக்கும். அவர்கள் என்னை நினைத்துச் சொன்னது ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாட்டு வேண்டாம். பேச்சாக இருந்தால் போதும். இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள், உங்கள் வழக்கப்படி.

யும்னா


கமுதி
27 பிப்ரவரி 2025

யும்னா,

பானுப்பிரியாவுக்குப் போன் பண்ணினேன். சஃபீர் இறந்தது அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பாட்டு விஷயத்தைச் சொன்னதும், "வேணாம் காளி, எனக்கும் வீடு இருக்கு, அழிச்சிரு"ன்னு சொல்லி வச்சிட்டா. கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டா.

"பாட்டு முடியவும் நான் சிரிப்பேனே, அது இருக்கா?"

"இருக்கு."

"சரி. அதையும் சேத்து அழிச்சிரு" என்றாள். அப்புறம் குழந்தை அழுற சத்தம் கேட்டது. வச்சிட்டா.

உனக்கு அனுப்பினதில் அந்தச் சிரிப்பு இருக்காது. கடைசிப் பகுதியை வெட்டித்தான் அனுப்பினேன். நீ சொன்னது சரி. கைக்கெட்டுகிற தூரத்தில் ஆள் இருந்தது. இதை உன்கிட்ட சொல்லணுமான்னு யோசிச்சேன். மைக் கதையை நீ ஒரே வரியில் கண்டுபிடிச்சிட்ட. இன்னொரு தடவை அந்த மாதிரி எழுத எனக்கு மனசு வரலை.

பதினாலாவது இல்லேன்னா பதிமூணும் வேண்டாம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். "அதுதான் சார் அழ வைக்குது, மத்தது சும்மா"ன்னான். போனை வச்சிட்டேன்.

நீ கேட்டதைத் தேடினேன். 2022-க்கு அப்புறம் நாங்க எடுத்தது எல்லாத்தையும், ரிகர்சல், ஆல்பம், வெட்டிப் போட்ட துண்டு ஒண்ணு விடாம ஓடவிட்டுக் கேட்டேன். உன் பேர் வருகிற இடம் ஒண்ணே ஒண்ணு. 2023 பிப்ரவரி. கிட்டார் பகுதி எடுத்துக்கிட்டு இருக்கோம். நல்லா வந்துக்கிட்டு இருக்கு. நடுவில் நிறுத்திட்டு, "போதும்டா மாப்ள. யும்னா ரெண்டு தடவ கூப்ட்டுட்டா. நான் கெளம்புறேன்"ங்கிறான். "ஏலே, இன்னும் ஒரு தடவ வாசிச்சிட்டுப் போ"ன்னு நான் கத்துறேன். "நாளைக்கு"ங்கிறான். கிட்டார் ஒயரைப் பிடுங்குற சத்தம். செருப்பு. பைக் கிளம்புது. நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்றேன். அவ்வளவுதான்.

ஆசையா சொன்னானா, எரிச்சலா சொன்னானான்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. பத்துத் தடவைக்கு மேல கேட்டுட்டேன். சாதாரணமாத்தான் சொல்றான். வீட்டுக்குப் போறவன் சொல்ற மாதிரி.

இதைப் பெருசா ஆக்கி உனக்கு ஆறுதல் சொல்ல நான் வரலை. இருக்கிறது இதுதான். எதுவும் வெட்டாம, என் கெட்ட வார்த்தையோடு சேர்த்து வேற பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புறேன்.

இனி நான் செய்யப் போறது:

1. கம்பெனிக்காரனுக்கு நாளைக்கு முடியாதுன்னு எழுதிருவேன்.

2. நீ கையெழுத்துப் போட்ட பதிமூணையும் நானே இணையத்தில் சும்மா போட்டுருவேன். கேக்குறவன் கேக்கட்டும்.

3. மார்ச் பத்தாம் தேதி வாக்கில் உன் இத்தா முடியுதுன்னு காஜா நவாஸ் சொன்னார். அம்மாவைக் கூட்டிட்டு வாரேன். நோன்பு நேரம், அதனால நோன்பு திறக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிருவோம். நீ வெளிய வரணும்னு இல்லை, பேசணும்னும் இல்லை. உங்க உம்மாவைப் பார்த்துட்டு வந்துருவோம்.

4. உன்கிட்ட இருக்கிற பதினாலாவதை என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். செஞ்சதை என்கிட்ட சொல்லவும் வேண்டாம்.

5. என்கிட்ட இருக்கிற ரெண்டு பிரதியையும் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துட்டு வந்ததும் அழிச்சிருவேன். கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு அழிக்கலாம்னு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கேன். கேக்க மாட்டேன். கேட்டா அழிக்க மாட்டேன்.

காளி